உப்பேலம்

கஸ்பாரின் குரலைக் கிளி விழுங்கிய அன்றைக்கு என் முற்றத்தில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது, காக்கா விரட்டக் கம்பும் கையுமாக நான் நின்றுகொண்டிருந்தேன், ஆகவே நடந்தது முழுவதையும் என் கண்ணால் பார்த்தேன். பிற்பாடு ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு அலைந்தவர்களில் பாதிப்பேர் அந்நேரம் பனைத்துறையிலேயே இல்லை என்பதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். என் பெயர் திரேசம்மா. கருவாடு விற்கிறவள். கஸ்பார் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான், அதுவும் இடுப்பு உயரச் சுவர்.

கஸ்பார் எங்கள் துறையில் மீன் ஏலம் விடுகிறவர். படகு வந்து மீன் மணலில் விழுந்ததும், அவருடைய அப்பா போட்டிருந்த அதே சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஒரு கூவல் கூவினால், ஐஸ் லாரிக்குள் தூங்குகிற டிரைவர் எழுந்து உட்காருவான், கோவில் மணிக்கூண்டில் இருக்கிற புறாக்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடி உட்காரும். எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் மெல்லப் பேச வராது. அலைக்கும் எஞ்சினுக்கும் மேலே பேசியே பழகிய தொண்டைகள், ரகசியம் சொன்னாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்ட ஊரிலேயே "கொஞ்சம் மெல்லத்தான் பேசேன்யா" என்று எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், பிள்ளையோ மருமகளோ படகோ தையல் மிஷினோ, அதை வாசலில் வைத்து ஏலம் விடவேண்டும். பொய் ஏலம்தான். கஸ்பார் கூவுவார், அக்கம்பக்கத்தார் "கிழிஞ்ச வலை", "அடுப்புச் சாம்பல்", "ஒத்தைச் செருப்பு" என்று கேலிக்கு விலை கேட்பார்கள், கடைசியில் வீட்டுக்காரி ஒரு பிடி உப்புக்குக் கேட்பாள், மூணாம் தரம் விழும், வந்த சரக்கு உப்புக்குப் போய்விடும். அவ்வளவு அற்பத்துக்குப் போன பொருளை எந்தக் கொள்ளிக்கண் ஏறிட்டுப் பார்க்கப்போகிறது? உப்பேலம் என்று அதற்குப் பெயர். நான் இந்த ஊருக்கு வாழ வந்த அன்றைக்கு என்னையும் ஏலம் விட்டார்கள். என் மாமியார் பிடியாக அள்ளவில்லை, விரல் நுனியால் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டாள், அதை இன்றைக்கு வரைக்கும் நான் மறக்கவில்லை.

கிளி வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். படகெல்லாம் கரையேறிக் கிடந்தது, கட்டுமர மீன் கொஞ்சம் வந்தாலும் ஏலம் இல்லை, கஸ்பார் வீட்டுக்குள்ளேயே கிடந்து பொழுது போகாமல் பிரகாசியின் குழம்பையும் மசாலாவையும் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். பிரகாசி அவர் பெண்டாட்டி. அவளுடைய தங்கை தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி மேலாளர் வீட்டில் சமையல் செய்கிறாள். மேலாளருக்கு வெளிநாட்டுக்கு மாற்றலாகி, கட்டில் பீரோ எல்லாம் ஆளுக்கொன்றாகப் போக, கிளி மட்டும் மீந்துவிட்டது. தங்கைக்காரி அதைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

நம்மூர்ப் பச்சைக்கிளி இல்லை. ஆப்பிரிக்காக் கிளியாம். உடம்பெல்லாம் சாம்பல், வால் மட்டும் சிவப்பு. நெஞ்சில் இருந்த இறகைத் தானே பிடுங்கிப் பிடுங்கி அங்கே தோல் தெரிந்தது. கூண்டின் பின்மூலையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆள் கிட்டே வந்தால் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. பிரகாசி பார்த்த மாத்திரத்தில் உருகிப்போனாள். கோவில் பீடத்தில் சிறகு விரித்து நிற்கிற தேவதூதனை நாங்கள் சம்மனசு என்போம். அந்தப் பெயரையே அதற்கு வைத்துவிட்டாள்.

"சரிட்டி, சம்மனசை வாசலுக்குக் கொண்டா. உப்பேலம் விட்டுருவோம்" என்றார் கஸ்பார்.

"பயந்துகிட்டு இருக்குங்க. ரெண்டு நாள் போவட்டுமே."

"அதுக்குள்ள கண்ணு பட்டா? கொண்டாங்கேன்."

கூண்டு வாசலுக்கு வந்தது. தெருவே கூடிவிட்டது. கஸ்பார் சிவப்புத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்: "ஏ... சாம்பல் உடம்பு, சிவப்பு வாலு, கரை சேந்த புதுச் சரக்கு, கேளு கேளு கேளு!" நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று "கிழிஞ்ச வலை" என்றேன். ஊர்க் கமிட்டித் தலைவர் சூசைமிக்கேல் அண்ணன் "அடுப்புச் சாம்பல்" என்றார். பிரகாசி "ஒரு பிடி உப்பு" என்றாள். "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூ..." என்று கஸ்பார் வாயைத் திறந்தபோதுதான் கிளி முதன்முதலாக எங்கள் பக்கம் திரும்பியது. அலகைத் திறந்தது. ஒரு வாய் சோற்றை விழுங்குகிற மாதிரி அதன் தொண்டை மேலே ஏறி இறங்கியது. அவ்வளவுதான். கஸ்பாரின் வாய் திறந்தபடி இருந்தது, கை உயர்ந்தபடி இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. கிளி மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

"குரலை எடுத்துக்கிட்டுது போலிருக்கே" என்றார் சூசைமிக்கேல் அண்ணன்.

"தண்ணி குடுங்க, தொண்டை காஞ்சிருக்கும்" என்றேன் நான். பிரகாசி கொடுத்தாள். அவர் குடித்தார். குரல் கிளிக்குள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் இன்னொன்று தெரிந்தது. சந்தையில் ஒருத்தி வந்து "சுறாக் கருவாடு எப்படிக்கா?" என்று கேட்டாள், நான் விலை சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. "நல்ல சுறா, நேத்துக் காஞ்சது, உப்பு அளவா இருக்கும்" என்று மற்றதெல்லாம் வருகிறது, விலை மட்டும் வெறுங்காற்றாகப் போகிறது. பக்கத்தில் காய்கறிக்காரனைப் பார்த்தால் அவனும் வாயை ஆவென்று வைத்துக்கொண்டு நிற்கிறான். பால்காரன், பலசரக்குக் கடைக்காரர், ஆட்டோக்காரன், பூக்காரி, ஒருத்தர் வாயிலும் விலை ஏறவில்லை. வெளியூரிலிருந்து வருகிற பஸ்ஸில் கண்டக்டர் ஊர் எல்லைக் கல் வரைக்கும் டிக்கெட் விலையைக் கத்திக்கொண்டு வருவார், கல்லைத் தாண்டியதும் அவர் வாயும் சும்மா அசையும். நாலு பேர் ஊமையாகிவிட்டால் அது செய்தி. ஊரே ஒரு விஷயத்தில் ஊமையாகிவிட்டால் அது பழக்கம். இரண்டொரு வாரத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது.

எழுதிக் காட்டலாமே என்பீர்கள். காட்டினோம். சிலேட்டில் எழுதி நீட்டினால் அதில் பேரம் பேச முடியுமா? பேரம் பேசாமல் வாங்கின மீன் எங்களுக்குச் செரிக்காது. கடைசியில் மாட்டுச் சந்தைக்குப் போய்வந்த ஒருவர் வழி சொன்னார்: துண்டுக்குள் கையை விட்டு, இவர் விரலை அவர் பிடித்து, அங்கே முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு பேசிமுடிப்பார்களாம். அதிலிருந்து பனைத்துறையில் தக்காளி வாங்குவதற்கும் துண்டுக்குள்தான் கை. நானும் முந்தானைக்குள் விரல் பிடித்துத்தான் விற்றேன். என் விரலை ஒருத்தன் தேவைக்கு மேல் பிடித்தான், அவனுக்கு அப்புறம் வாயாலேயே பதில் சொன்னேன், அதற்கெல்லாம் சத்தம் நன்றாகவே வந்தது.

பெண் பார்க்க வந்தவர்களின் கதைதான் கதை. மாப்பிள்ளை வீட்டார் கேசரியைத் தின்றுவிட்டு, செருமிக்கொண்டு, "அப்புறம் நீங்க உங்க பொண்ணுக்கு..." என்று தொடங்குவார்கள், அதற்கு மேல் மீன் தண்ணீருக்கு வெளியே கிடந்து வாயைத் திறக்கிற மாதிரித் திறந்து திறந்து மூடுவார்கள். இவர்கள் பக்கம் "ஆங், சரி, சரி" என்று சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள். இன்னது என்று சொல்லாததை எங்கே போய் வாங்குவது? அந்தக் கோடையில் எத்தனையோ கல்யாணம் சும்மாவே நிச்சயமாயிற்று. பெண்ணைப் பெற்ற அப்பன்மார் கொய்யாப்பழமும் கம்பங்கதிரும் கொண்டுவந்து பிரகாசி வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கிளி நன்றாக இருக்கட்டும், ஆனால் விழுங்கினதை ரொம்ப சீக்கிரம் கக்கிவிடாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு போனார்கள்.

ஊருக்கு இப்படிப் போய்விட்டது. கஸ்பாருக்குப் போகவில்லை. எங்களுக்கு விலை மட்டும்தான் வரவில்லை. அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போய் மீனோடு திரும்புகிற அன்றைக்கு, கூவ ஆள் வேண்டும். கேரளாவிலிருந்து லாரியோடு வருகிற வியாபாரிகள் துண்டுக்குள் கை விட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள், வேறு துறைக்குப் போய்விடுவார்கள். அதற்குள் குரல் வரவில்லை என்றால் அவர் பாடு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும்.

முதலில் கோபப்பட்டார். கூண்டைத் திறந்து கையை உள்ளே விட்டுக் கிளியை வெளியே இழுக்கப் பார்த்தார். கடித்துவிட்டது. கொஞ்சம் ரத்தம், நிறைய அவமானம். ஊர் முழுக்க யோசனை சொல்ல வந்தது. ஒருத்தர் கையைத் தட்டிக் கூப்பிட்டார், ஒருத்தி தாலாட்டினாள், கோவில் பாடகர் குழு வந்து நின்று பாடியே தீர்த்தது. கிளி இன்னும் நாலு இறகைப் பிடுங்கிக் கீழே போட்டது. "போங்க எல்லாரும், அது செத்துப்போயிரும்" என்று பிரகாசி அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அவள் தங்கையிடம் போனில் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மேலாளர் வீடு அதற்கு முதல் வீடு இல்லை. எந்த வீட்டிலும் நிலைத்ததில்லை. பழகும், பேச ஆரம்பிக்கும், அப்புறம் யாராவது வந்து விலை பேசுவார்கள், ஒரு துண்டை மேலே போட்டு அமுக்கிப் பிடிப்பார்கள், கண் திறந்தால் வேறு கூண்டு, வேறு சுவர். விலையும் துண்டும் சேர்ந்து வந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். நாங்களோ அது வந்து இறங்கின நாழிகையிலேயே துண்டை உதறி, ஊரைக் கூட்டி, ஏலம் விட்டிருக்கிறோம். கண்ணு படக்கூடாதென்று.

பிரகாசி சொல்லி முடித்ததும் கஸ்பார் எழுந்து, தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டுவந்து, என் முற்றத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனார். துண்டில்லாத தோளோடு அந்த மனுஷனை நான் பார்த்ததே கிடையாது. சட்டையில்லாமல் கோவிலுக்கு வந்தவரைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் செய்ததெல்லாம் ஒன்றுமே செய்யாமல் இருந்ததுதான். கூண்டுக் கதவைத் திறந்தே வைத்தார். கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், கிளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. உப்பில்லாமல் வறுத்த கடலையை ஒவ்வொன்றாகத் தின்றார், நடுநடுவே ஒன்றைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் வைத்தார். முன்னெல்லாம் ஒரு கடலை தின்பதற்குள் பத்து வார்த்தை பேசுகிற ஆள். இப்போது கடலைத்தோல் உடைகிற சத்தம்கூடச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. முதலில் அவர் எழுந்து போன பிறகு கடலை காணாமல் போனது. அப்புறம் அவர் இருக்கும்போதே காணாமல் போனது. அப்புறம் ஒருநாள் பிரகாசி சுவர் வழியாக எட்டிப் பார்த்து, கண்ணெல்லாம் சிரிப்பாக, "மைனி, அது இப்ப சுவரைப் பாக்கல, இவுக முதுகைப் பாக்குது" என்றாள். நெஞ்சில் பஞ்சு மாதிரிப் புது இறகு முளைத்தது. ஆனால் கூண்டு வாசலைத் தாண்டவில்லை. குரலும் வரவில்லை.

தடைக்காலம் முடிந்தது. விடியற்காலையில் படகெல்லாம் கடலுக்குப் போயின. அன்று மத்தியானம் சூசைமிக்கேல் அண்ணன் கமிட்டிக்காரர்களோடு கஸ்பார் வீட்டுக்கு வந்தார். கூடவே பறவை வியாபாரி ஒருவன், கையில் இரும்புக் கூண்டு, தோளில் துண்டு.

"கஸ்பாரு, தப்பா நினைக்காத. சாயங்காலம் படகு திரும்பிரும். ஊருக்கே விலை வரல. இந்தக் கிளி ஊரை விட்டுப் போனாத்தான் சரியாவும்னு எல்லாரும் சொல்லுதாவ. இவரு சும்மாவே எடுத்துக்கிடுதேங்காரு."

"இவுக வளக்குத கிளியை நீங்க யாரு குடுக்க?" என்றாள் பிரகாசி.

"மூணாம் தரம் விழலையே தாயி. மூணாம் தரம் விழாத சரக்கு யாருக்கும் சொந்தமில்ல, அது கமிட்டிக்குத்தான். இது உன் புருஷனே ஆயிரம் தடவை சொன்ன நியாயம்."

நியாயம்தான். வியாபாரியின் தோளில் துண்டைப் பார்த்ததுமே கிளி பழைய மூலைக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கஸ்பார் எழுந்தார். என் முற்றத்துக்கு வந்து, கொடியில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்தார். பாவி, நீயே அதைப் பிடித்துக் கொடுக்கப்போகிறாயா என்று நினைத்தேன், வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் துண்டோடு வீட்டுக்குள் நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். கிளி அந்தச் சிவப்பைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டது.

கஸ்பார் கூண்டுப் பக்கம் போகவில்லை. துண்டை நீளவாக்கில் மடித்து, இன்னொரு மடிப்பு மடித்து, சூசைமிக்கேல் அண்ணனின் இரண்டு கையிலும் வைத்தார். அவ்வளவுதான். திரும்பி வந்து, திறந்திருந்த கூண்டு வாசலை அடைத்த மாதிரி, கிளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வழக்கம்போல உட்கார்ந்துகொண்டார்.

"ஏ கஸ்பாரு! உங்க அப்பன் போட்ட துண்டுலே இது. ஒரு பறவைக்காக ஏலத்தையே விட்டுட்டுப் போறியா?"

கஸ்பார் ஆமென்று தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்கத் துண்டில்லை.

எங்கள் ஊரில் யாரும் பேசாமல் இருந்தால் கடல் சத்தம் கேட்கும், அது கேட்டது. அப்போது கூண்டுக்குள் நகம் கம்பியில் உரசுகிற சத்தம். கிளி மூலையை விட்டு வந்தது. வாசற்படியில் நின்றது. ஒரு காலைத் தூக்கிக் கஸ்பாரின் முதுகில் வைத்து, அலகால் சட்டையைக் கவ்வி, பனையேறுகிறவன் மாதிரி மெல்ல மெல்ல ஏறி, துண்டு கிடக்கவேண்டிய தோளில் போய் உட்கார்ந்தது. கஸ்பார் மூச்சுக்கூட விடவில்லை. கிளி எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அலகைத் திறந்தது.

"ஏ... வழுக்கைத் தலை, பெரிய வாயி, கரை சேந்த பழைய சரக்கு, கேளு கேளு கேளு!"

கஸ்பாரின் குரல். ஐஸ் லாரி டிரைவரை எழுப்புகிற அதே குரல். கிளி கஸ்பாரை ஏலம் விடுகிறது! பழக்கதோஷம், ஏலம் என்றால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "கிழிஞ்ச வலை!" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் உறைத்தது, அம்மாடி, விலை வாயைவிட்டு வெளியே வந்துவிட்டது! சூசைமிக்கேல் அண்ணன் என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார், "அடுப்புச் சாம்பல்!" என்றார். பிரகாசி உப்பெடுக்க உள்ளே ஓடினாள். கிளி அவளுக்காகக் காத்திருக்கவில்லை. கஸ்பாரின் சட்டைப் பையில் மீதியிருந்த கடலையில் ஒன்றைக் குனிந்து எடுத்தது, உடைத்தது, பாதியைத் தான் தின்றது, மறுபாதியைக் கொண்டுபோய் அவர் உதட்டில் வைத்தது.

"ஒரு தரம்" என்றது. "ரெண்டு தரம்" என்றது. அப்புறம் தலையைச் சாய்த்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

"மூணு தரம்" என்றார் கஸ்பார், கடலையும் கண்ணீருமாக, அவருடைய சொந்த வாயால், எங்கள் ஊரில் யாருமே பேசிக் கேட்டிராத அத்தனை மெல்லிய குரலில்.

அடுத்த நிமிடம் பனைத்துறை வெடித்தது. இத்தனை நாள் தொண்டையில் அடைந்துகிடந்த விலையெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. பால்காரன் பாலுக்குக் கத்தினான், பூக்காரி பூவுக்குக் கத்தினாள், நான் என் சுறாவுக்கும் நெத்திலிக்கும் வாளைக்கும் மூச்சுவிடாமல் கத்தினேன், மாப்பிள்ளை வீட்டார் மட்டும் கத்துவதற்குள் கல்யாணம் முடிந்துபோயிருந்தது. பறவை வியாபாரி காதைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறினான். சூசைமிக்கேல் அண்ணன் மடித்த துண்டைத் திருப்பிக் கொடுத்தார். கஸ்பார் அதை வாங்கிப் பிரகாசியிடம் கொடுத்து, பீரோவில் வைக்கச் சொன்னார். கடலில் படகுகள் தெரிந்தன. சாயங்காலம் அவர் கூவினார், சம்மனசு தோளில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது, எனக்கு என்னமோ என் சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறின மாதிரி இருந்தது.

அந்த மூணாம் தரத்தில் கிளி கஸ்பாருக்குப் போயிற்றா, கஸ்பார் கிளிக்குப் போனாரா என்று கமிட்டி கூடிப் பேசி, அவர் கிளிக்குத்தான் போனார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. உப்பேலத்தையும் மாற்றிவிட்டோம். வந்தவர்களை இப்போதெல்லாம் நாங்கள் ஏலம் விடுவதில்லை. கொஞ்ச நாள் சும்மா விட்டு, பயம் தெளிந்த பிறகு, வந்தவர்கள்தான் எங்களை ஏலம் விட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் என் மகன் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். வந்ததிலிருந்து தலைநிமிர்ந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. நானும் மெல்லப் பேசிப் பேசித் தொண்டை நோக, பொறுமையாகத்தான் இருந்தேன். நேற்றுச் சாயங்காலம் அவளே வாசலுக்கு வந்து நின்று, வெட்கப்பட்டுக்கொண்டு, "கருவாட்டு வாசம், காரமான வாயி, கரை சேந்த பழைய சரக்கு" என்று என்னை ஏலம் விட்டாள். பிரகாசி "கிழிஞ்ச வலை" என்றாள், கிளி கஸ்பார் குரலில் "அடுப்புச் சாம்பல்" என்றது. அந்தப் பெண் அடுக்களைக்குப் போய் உப்பு எடுத்துவந்தாள். நல்ல நிறைந்த பிடி, விரலிடுக்கில் வழிந்தது.